வாசலிலிருந்து வாசல் வரை

நம் வீட்டு ஆண்கள் வெளியே போய் வருவதற்கும், நாம் போய் வருவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கவனித்திருக்கிறீர்களா, சகோதரிகளே?

அவர்கள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். சாயந்திரம் திரும்புவார்கள். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், அவ்வளவுதான். நம் கதை அப்படியா? குழந்தையைப் பள்ளியில் விட வேண்டும். அங்கிருந்து ரேஷன் கடை. அங்கே கூட்டமாக இருந்தால் அதற்குள் பாங்குக்கு ஒரு நடை. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, மகளுக்கு நோட்டு, வருகிற வழியில் காய்கறி. பூக்கட்டுகிற மாதிரி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இத்தனையும் கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக!

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னாவில், 1999-ஆம் ஆண்டு மக்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "நீங்கள் தினமும் எங்கெங்கே, எப்படிப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஆண்கள் ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பெண்களோ எழுதுகிறார்கள், எழுதுகிறார்கள், எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்! அதைப் பார்த்த பிறகுதான் அந்த நகரத்தார் நடைபாதைகளை அகலப்படுத்தினார்கள். தெருவிளக்குகளைக் கூட்டினார்கள். குழந்தை வண்டி ஏறுவதற்கு வசதியாகப் படிகளுக்குப் பக்கத்தில் சரிவுகள் வைத்தார்கள்.

நம் நாட்டிலும் பெண்கள் எப்படிப் போகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். இந்திய நகரங்களுக்காக உலக வங்கி 2022-ல் வெளியிட்ட ஒரு வழிகாட்டி நூலில், பெண்கள் போய் வருவதில் 84 சதவீதம் நடையாலும் சைக்கிளாலும் பஸ், ரயில், ஷேர் ஆட்டோ இவற்றாலும்தான் என்று சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் மேம்பாலமும் அகல ரோடும் யாருக்காக? நடைபாதையும் பஸ்ஸும் யாருக்காக? யோசித்துப் பாருங்கள்.

"செட்டிகுளத்தில் உட்கார்ந்துகொண்டு நகரத்துப் பஸ்ஸைப் பற்றி உனக்கென்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரம்பலூர் மாவட்டத்தில், ஆலத்தூர் கேட்டுக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. மலைமேல் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிற ஊர். ஆனால் பெரிய நோவு என்றால் திருச்சிக்குத்தான் ஓட வேண்டும். மகள் காலேஜில் சேர்ந்தால் நகரம். மருமகளுக்குப் பிரசவம் என்றால் அவள் குடியிருக்கிற சென்னை. பெரம்பலூருக்கு ரயிலும் கிடையாது, எல்லாவற்றுக்கும் பஸ்தான். ஆகவே நகரத்துப் பஸ், நகரத்து ரோடு இரண்டும் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மூட்டையோடு வந்து இறங்குகிற நமக்கும் அதில் பங்கு உண்டு.

டிக்கெட் இல்லாத பஸ் செய்த வேலை

2021-ஆம் வருஷம் மே 8-ஆம் தேதி முதல், தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் காசு கொடுக்காமல் போகலாம் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதமே திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வருகிற ஒருவருக்கும் அதே சலுகை கிடைத்தது. டில்லியில் 2019 அக்டோபரிலேயே இப்படி ஒன்று வந்திருந்தது. பிறகு 2023-ல் கர்நாடகமும் தெலங்கானாவும், 2025-ல் ஆந்திரமும் அதே வழியில் வந்தன.

இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று நம் மாநிலத் திட்டக் குழு கணக்கெடுத்துச் சொன்னது. 888 ரூபாய் என்பது பெரிய இடத்துப் பெண்களுக்கு ஒரு புடவை பிளவுஸ் தைக்கிற கூலியாக இருக்கலாம். நமக்கு அது ஒரு மாதத்துப் பால் கணக்கில் பாதி.

காசு மட்டுமா? எங்கள் தெருவில் ஓர் அப்பாயி இருக்கிறார். மகன் கையில் காசு வாங்கித்தான் முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவார். "அவனைக் கேக்கறதுக்கு வலியைப் பொறுத்துக்கலாம்னு இருந்துடுவேன்டி. இப்ப யாரையும் கேக்க வேணாம், நானே ஏறிப் போயிடறேன்" என்றார் ஒரு நாள். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் வராது.

ஆனால் சகோதரிகளே, டிக்கெட் இலவசம் என்பதோடு காரியம் முடிந்துவிடவில்லை. பிரயாணம் என்பது பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டுமா? நம் வீட்டு வாசலில் காலை வைத்ததிலிருந்து, போய்ச் சேருகிற இடத்து வாசலை மிதிக்கிற வரை எல்லாமே பிரயாணம்தான். நடுவில் ஓர் இடம் பயமாகவோ, கஷ்டமாகவோ இருந்தால் போதும், "வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று பெண் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அந்த இடங்கள் எவை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

படியா, ஏணியா?

முதலாவது, பஸ்ஸின் படி. பழைய பஸ்களில் உட்காரும் தளம் ரோட்டிலிருந்து ஏறக்குறைய 3 அடி உயரத்தில் இருக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி, முழங்கால் வலிக்காரர், புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பிடித்திருக்கிற தாய் — இவர்களெல்லாம் எப்படி ஏறுவது? சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தாழ்தள பஸ் என்று ஒன்று உண்டு. அதன் தளம் சுமார் 16 அங்குல உயரத்தில்தான் இருக்கும். நின்றதும் ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். சரிவுப் பலகையை விரித்தால் சக்கர நாற்காலியோடு உள்ளே போய்விடலாம். "எல்லோரும் ஏறக்கூடிய பஸ்ஸாக வாங்குங்கள்" என்று மாற்றுத்திறனாளிகளுக்காகப் பாடுபடுகிறவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். அதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 58 தாழ்தள பஸ்களை ஓட விட்டது. 2025 ஜூன் கடைசியில் 120 மின்சார பஸ்கள், அவையும் தாழ்தளம், வியாசர்பாடி டிப்போவிலிருந்து புறப்பட்டன.

அவர்கள் போராடி வாங்கிய பஸ்ஸில் இன்று சுகமாக ஏறுகிறவர்கள் யார் தெரியுமா? கர்ப்பிணிகள், கிழவர்கள், குழந்தைகள், மூட்டை தூக்கிகள், ஏன், நல்ல காலும் கையும் உள்ள வாலிபர்களும்தான்! கஷ்டப்படுகிறவருக்கு ஏற்றபடி ஒன்றைச் செய்தால் எல்லோருக்கும் அது சௌகரியமாகிவிடுகிறது. இந்தத் தாழ்தளம் சென்னையோடு நிற்காமல் திருச்சி, மதுரை, கோவை என்று எல்லா ஊருக்கும் வர வேண்டும்.

நடக்க ஒரு பாதை

இரண்டாவது, நடைபாதை. பஸ்ஸுக்குப் போவதும் நடந்துதான்; இறங்கினால் போவதும் நடந்துதான். நகரங்களில் நடைபாதை என்ற பேரில் இருப்பதில் பாதி கடை, பாதி ஸ்கூட்டர், மிச்சத்தில் மின்சாரப் பெட்டி! பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். நாள் கணக்கில் சொன்னால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 பேர். இவர்கள் வண்டி ஓட்டினவர்கள் இல்லை. வேகமாகப் போனவர்களும் இல்லை. நடந்தவர்கள்! மனசு பதறுகிறது அல்லவா?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் பத்திரமாக நடப்பது மனிதனின் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லி, எல்லா மாநிலங்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முடியாத காரியமா என்றால், இல்லை. 2014-லேயே சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். அங்கே போனால் பாருங்கள், பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் கையை விட்டு ஓடுகின்றன. ஒரு தெருவில் முடிந்தது இன்னொரு தெருவில் முடியாதா?

ஊருக்கு வெளியே போன பஸ் ஸ்டாண்டு

மூன்றாவது, இப்போது பெரிய பஸ் ஸ்டாண்டுகள் எல்லாம் ஊருக்கு வெளியே போகின்றன. சென்னையில் வண்டலூர் பக்கம் கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. தெற்கே இருந்து வருகிற பஸ்கள் கோயம்பேட்டுக்குப் பதில் அங்கே நிற்கலாயின. திருச்சியில் மதுரை ரோட்டில் பஞ்சப்பூர் முனையம் 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்டு, ஜூலையில் பஸ்கள் ஓடத் தொடங்கின. நகரத்துக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். கட்டடங்களும் விசாலமாக இருக்கின்றன.

ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு அங்கே இறங்கினால், வடசென்னையில் இருக்கிற மகள் வீட்டுக்கு எப்படிப் போவது? பஞ்சப்பூரில் இறங்கின நோயாளி புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டோவுக்குக் கேட்கிற காசு ஊரிலிருந்து வந்த டிக்கெட்டைவிடச் சில சமயம் அதிகம்! பெரிய பஸ் ஸ்டாண்டைத் தள்ளி வைக்கிறபோதே, அங்கிருந்து ஊருக்குள் போகிற டவுன் பஸ்ஸையும், இரவு பஸ்ஸையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சாதம் பிறகு வரும் என்றால் எப்படி?

கனடா நாட்டில் மாண்ட்ரீல் என்று ஒரு நகரம். அங்கே 1996 முதல் ஒரு வழக்கம். இருட்டின பிறகு, தனியாக வருகிற பெண் கேட்டால், இரண்டு ஸ்டாப்புக்கு நடுவிலேயே, அவள் வீட்டுக்குக் கிட்டத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள். இதற்கு ஏதாவது செலவு உண்டா? பிரேக்கை ஒரு தரம் அழுத்தினால் போதும். நம் பக்கத்துக் கிராமத்து டிரைவர்கள் பலர் யாரும் சொல்லாமலே இதைச் செய்கிறார்கள். "அக்கா, இருட்டா இருக்கு, வீட்டுப் பக்கமே இறங்கிக்குங்க" என்பார்கள். அவர்களுக்குப் புண்ணியம்! இந்த நல்ல பழக்கத்தை நகரத்திலும் ஒரு விதியாகவே வைத்தால் என்ன?

சொல்ல வெட்கப்படுகிற கஷ்டம்

அடுத்தது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். பஸ்ஸில் போக வேண்டுமென்றால் நம்மில் பலர் முதலில் செய்கிற காரியம், தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையின் லட்சணம் அப்படி. கோடையில் நாலைந்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? அடிக்கடி இப்படிச் செய்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் ஆபத்து. ஆகவே சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற, விளக்கு எரிகிற கழிப்பறை என்பது ஆடம்பரம் இல்லை. அது வைத்தியச் செலவைக் குறைக்கிற வழி.

2015 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் 352 பஸ் நிலையங்களில் தாய்ப்பால் கொடுக்கத் தனி அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். அந்த அறை உங்கள் பஸ் ஸ்டாண்டில் இன்று எப்படி இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். பூட்டியிருந்தால், விளக்குமாறும் வாளியும் வைக்கிற இடமாகிவிட்டிருந்தால், அங்கே இருக்கிற அதிகாரியிடம் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் பூட்டு துருப்பிடித்துப் போகும்.

கை நீண்டால்...

பஸ்ஸுக்குள் நடக்கிற அசிங்கங்களைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. கொண்டை ஊசியையும் சேஃப்டி பின்னையும் கையில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்த தலைமுறை நாம். நம் பெண்களுக்கும் ஊக்குதானா துணை?

1998-ல் தமிழ்நாட்டில் பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. அதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் அந்தப் பஸ்ஸைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தகவல் கொடுக்க வேண்டும். அது அவர்கள் கடமை. தவறினால் அவர்களுக்கும் அபராதம் உண்டு. 2022-ல் மோட்டார் வாகன விதிகளிலும் திருத்தம் வந்தது. முறைத்துப் பார்ப்பது, விசில் அடிப்பது, கண்ணடிப்பது எல்லாமே குற்றம். அப்படிச் செய்கிறவனைக் கண்டக்டர் இறக்கிவிடலாம். பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112. இந்த இரண்டு எண்களையும் உங்கள் மகளின் போனில் இன்றே பதிந்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். ஒரு பெண் பஸ்ஸில் குரல் கொடுத்தால், பக்கத்தில் இருக்கிற நாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. "என்னம்மா ஆச்சு?" என்று நாலு பெண்கள் எழுந்து நின்றாலே போதும், அந்தக் கை தானாகச் சுருங்கிவிடும்.

சைக்கிள் கற்றுக்கொடுத்த பாடம்

எங்களுக்கு ரொம்ப தூரமில்லாத புதுக்கோட்டையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1991-ல் அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, கூடவே சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நர்ஸுகள், கூலிப் பெண்கள் எல்லோரும் கற்றார்கள். ஊரில் சிலர் கேலி பேசாமல் இல்லை. ஆனால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம்! பஸ்ஸுக்காகவும், புருஷனுக்காகவும் காத்திருந்த நேரமெல்லாம் அவர்கள் கைக்கு வந்தது.

இன்று நம் பெண்கள் பள்ளியில் கொடுத்த சைக்கிளில் போகிறார்கள். ஆனால் நகரத்து ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அவளை அனுப்ப எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? சைக்கிளைக் கொடுத்தது போதாது. அது போக ஒரு பாதையும் கொடுக்க வேண்டும்.

இதில் குழந்தைகளின் மூச்சும் இருக்கிறது. ஐம்பது பேர் ஐம்பது வண்டியில் போனால் ஐம்பது புகைக்குழாய். அதே ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால் ஒன்று. மின்சார பஸ் என்றால் தெருவில் அந்த ஒன்றும் இல்லை. இடுப்புக் குழந்தையின் மூக்கு புகைக்குழாய்க்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று ரோடு கடக்கும்போது கவனித்தால் புரியும். இழுப்பு உள்ள குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

"இதெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டியது, நம்மால் என்ன ஆகும்?" என்று பத்திரிகையை மூடிவிடாதீர்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நிச்சயம் கூடும். பஸ் வருகிற நேரம், நிழற்குடை, விளக்கு இவற்றை அங்கே எழுந்து சொல்லுங்கள். தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். ஒருத்தியாகப் போவதைவிட, மகளிர் குழுவில் பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோங்கள். "பஸ் சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தடம், எந்த நேரம், எந்த இடம் என்று குறித்து எழுதுங்கள். அப்படி எழுதின மனுவை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரை ஒரு நாள் கூடவே நடந்து வரச் சொல்லுங்கள், உங்கள் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை. நீங்கள் பேசவே வேண்டாம், பாதையே பேசும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. நம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடு, படியில் தொங்காதே, பெண்ணைக் கண்டால் ஒதுங்கி நில், யாராவது தவறு செய்தால் தட்டிக் கேள். சட்டம் பஸ்ஸில் வந்து உட்காராது. நாம் வளர்த்த பிள்ளைதான் வந்து உட்காருவான்.

வெளியே போய் வருவதென்பது படிப்பு, வேலை, வைத்தியம், பிறந்த வீட்டைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்தது. அதற்குப் பயந்து வீட்டோடு தங்குகிற ஒவ்வொரு பெண்ணும் இவற்றில் ஏதோ ஒன்றை இழக்கிறாள். டவுன் பஸ்ஸின் கதவு நமக்குத் திறந்தாயிற்று. அந்தக் கதவு வரை போகிற பாதையையும், இறங்கின பிறகு போகிற பாதையையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று இன்று சாயந்திரம் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேசிப் பாருங்களேன். அடுத்த திங்கட்கிழமைக்கு ஒரு மனு தயாராகிவிடும்!